டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது, ஆனால் சமையலறையில் ஒரு பிளக் பாயிண்ட்டும் வேலை செய்யவில்லை

அரசலாறு · செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீடு. அப்பா 1986இல் கட்டியது. 2008இல் சமையலறையைப் பின்பக்கம் பத்தடி நீட்டினோம். ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து சமையலறையின் மூன்று பிளக் பாயிண்ட்டிலும், ஒட்டியிருக்கும் அம்மா அறையில் ஒன்றிலும் கரண்ட் இல்லை. மற்ற இடங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது. அதே சமையலறையில் டியூப் லைட் எரிகிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. பிளக் மட்டும்தான் செத்துக் கிடக்கிறது.

அம்மாவுக்கு 74 வயது. ஆஸ்துமா உண்டு, இரவில் நெபுலைசர் வைக்க வேண்டும். இப்போதைக்கு ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக் கட்டில் பக்கம் வைத்திருக்கிறேன். அம்மா நடுராத்திரியில் எழுந்து நடப்பவர். தரையில் கிடக்கும் அந்த ஒயரைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

நடந்ததை நினைவிருக்கும் வரை வரிசையாகச் சொல்கிறேன். ஞாயிறு மாலை கிரைண்டரில் இட்லிக்கு மாவு அரைந்துகொண்டிருந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் பால். ஃபிரிட்ஜ் எப்போதும் போல. கிரைண்டர் திடீரென்று முனக ஆரம்பித்தது, கல் மெதுவாகி அப்படியே நின்றுவிட்டது. அடுப்பும் அணைந்தது. ஓடிப்போய் வீட்டு சர்க்யூட் எல்லாம் பிரியும் டிபி பாக்ஸைப் பார்த்தேன். ஒரு எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழவில்லை.

அதற்கு முன் இரண்டு வாரமாகவே சில அறிகுறிகள் இருந்திருக்கின்றன, நான்தான் சேர்த்து யோசிக்கவில்லை. அடுப்பைப் போட்டால் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று சத்தம் போடும். மிக்ஸியின் சத்தம் கம்மியது. பின்வாசல் பக்கம் நின்றால் துணி பொசுங்குவது போல லேசான வாடை. பக்கத்து மனையில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்து, "கரண்ட் வருதுக்கா, பிளக்தான் போச்சு" என்று இரண்டு பிளக்கை மாற்றினார். 650 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு மிக்ஸியைப் போட்டால் பழைய கதைதான்.

பிறகு நானே டெஸ்டரை எடுத்துப் பார்த்தேன். வலது ஓட்டையில் எரிகிறது, இடது ஓட்டையிலும் எரிகிறது! மூன்று பாயிண்ட்டிலும் அப்படித்தான். இன்னொன்றும் கவனித்தேன். ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்தால் இடது ஓட்டையில் எரிவது நின்றுவிடுகிறது. போட்டால் மறுபடி எரிகிறது. ஃபிரிட்ஜ் ஓடவும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? இரண்டு பக்கமும் கரண்ட் வந்தால் மிக்ஸி ஏன் ஓடவில்லை?

மாடித்தோட்டம் · செவ்வாய், இரவு 10.05

எம்சிபி பார்ப்பதற்கு மேலே இருப்பது போலத் தெரிந்தாலும் சில சமயம் உள்ளே பாதியில் நின்றிருக்கும். ஒருமுறை முழுவதும் கீழே இறக்கிவிட்டு அப்புறம் மேலே தள்ளிப் பாருங்கள். ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருந்தால் அதையும் அப்படியே செய்யுங்கள். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் பாயிண்ட் போனபோது இப்படித்தான் சரியானது.

அரசலாறு · செவ்வாய், இரவு 10.20

நன்றி. ஒவ்வொரு எம்சிபியையும் இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டேன், மாற்றம் இல்லை. எங்கள் வீட்டில் ஆர்சிசிபி கிடையாது.

காவிரிப்பாலம் · புதன், காலை 6.50

சகோதரி, இது நியூட்ரல் கட். எங்கள் வீட்டில் போன வருடம் இதே பிரச்சினை. எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்று தேடினால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அதனால் அந்தப் பிளக்கிலேயே மேலே இருக்கும் எர்த்திலிருந்து ஒரு சின்ன ஒயரை நியூட்ரலுக்குக் கொடுத்துவிட்டோம். உடனே எல்லாம் ஓடியது. இன்று வரை ஒரு தொந்தரவும் இல்லை. அம்மாவுக்கு நெபுலைசர் வேண்டும் என்கிறீர்கள், இன்றைக்கே முடிந்துவிடும்.

பழைய ஒயர்மேன் · புதன், காலை 7.35

அம்மா, முதலில் ஒன்று. மேலே சொன்ன எர்த் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். யார் வந்து செய்கிறேன் என்றாலும் விடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். காவிரிப்பாலம் தம்பி, நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் அந்த ஒயர் இன்னும் இருக்கிறதென்றால் இன்று மாலைக்குள் எடுத்துவிடுங்கள்.

கரூரில் 34 வருடம் வீட்டு ஒயரிங் செய்தவன் நான். நீங்கள் எழுதியதில் ஃபிரிட்ஜ் சுவிட்சைப் பற்றிய அந்த ஒரு வரி போதும், பழுது தெரிந்துவிட்டது. நியூட்ரல்தான் விட்டிருக்கிறது. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்.

கரண்ட் பேஸில் வந்து, மெஷின் வழியாகப் போய், நியூட்ரலில் திரும்ப வேண்டும். திரும்பும் வழி எங்கேயோ அறுந்திருக்கிறது. ஃபிரிட்ஜின் சுவிட்ச் போட்டிருக்கும்போது பேஸ் அதன் காயில் வழியாக இறங்கி நியூட்ரல் ஒயருக்கு வருகிறது. அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் நின்றுவிடுகிறது. அந்த நியூட்ரல் ஒயர்தான் உங்கள் நான்கு பாயிண்ட்டுக்கும் பொது. அதனால் எல்லா இடது ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. ஃபிரிட்ஜை அணைத்தால் அந்த வழி அடைபடும், டெஸ்டரும் நின்றுவிடும். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு ஓட்டைக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே பேஸ் நின்றால் மிக்ஸி எப்படி ஓடும்?

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பேஸ் அறுந்தால் அதற்கு அந்தப் பக்கம் செத்த ஒயர். நியூட்ரல் அறுந்தால் எதுவும் ஓடாது, விளக்கு எரியாது, பார்க்கச் செத்தது போல இருக்கும். ஆனால் பேஸும் நியூட்ரலும் இரண்டுமே அடிக்கும். "கறுப்பு ஒயர்தானே" என்று தொட்டு அடி வாங்கியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு பாயிண்ட்டிலும் இப்போதே எல்லாப் பிளக்கையும் உருவி வையுங்கள். அந்த சர்க்யூட்டின் எம்சிபியை இறக்கிவிடுங்கள்.

உங்களிடம் வந்தவர் டெஸ்டரை மட்டும் நம்பினார். டெஸ்டருக்குள் இருக்கும் நியான் பல்பு எரிய ஒரு மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். பேஸ் வந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு டெஸ்ட் லாம்ப் வேண்டும். ஹோல்டரில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். எல்லாப் பிளக்கையும் உருவிய பிறகு, எம்சிபியைப் போட்டு, ஹாலிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷனின் நியூட்ரலுக்கும் செத்த பாயிண்ட்டின் வலது ஓட்டைக்கும் பல்பை வைத்தால் முழு வெளிச்சம் வரும். பேஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் எக்ஸ்டென்ஷனின் பேஸுக்கும் செத்த பாயிண்ட்டின் இடது ஓட்டைக்கும் வைத்தால் எரியாது. நியூட்ரல் அறுந்தது உறுதி. இதை நீங்கள் செய்ய வேண்டாம் அம்மா. வருகிற எலக்ட்ரீஷியனை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். டெஸ்ட் லாம்ப் இல்லாமல் வருபவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

எம்சிபி ஏன் விழவில்லை என்று யோசித்திருப்பீர்கள். ஜாயிண்ட் லூசாகி அங்கே அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் போனால் 5 வோல்ட்தான் குறையும். ஆனால் அந்த ஒரு இடத்தில் 50 வாட் சூடு. டிவி, ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி இரண்டை சுவருக்குள் வைத்து மணிக்கணக்கில் எரியவிட்டது போல. எம்சிபிக்குத் தெரிவது 10 ஆம்பியர் மட்டுமே. அது விழாது. உங்கள் அடுப்பு 2000 வாட் என்றால் அதற்கு மட்டும் 8.7 ஆம்பியர். கூடவே கிரைண்டரும் ஃபிரிட்ஜும். ஸ்டெபிலைசர் டக் டக்கென்றதும், மிக்ஸி கம்மியதும், பொசுங்கல் வாடையும் எல்லாம் அந்த ஒரு ஜாயிண்ட் சொன்னதுதான்.

எங்கே தேடுவது? 1986 வீடு என்கிறீர்கள். அந்தக் காலத்தில் அலுமினிய ஒயர் நிறையப் போட்டோம், நானும் போட்டிருக்கிறேன். 2008இல் நீட்டியபோது காப்பர் போட்டிருப்பார்கள். பழைய அலுமினியத்தையும் புதுக் காப்பரையும் முறுக்கி டேப் சுற்றிய இடம் ஒன்று நிச்சயம் இருக்கும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்ஸைடு கரண்ட்டைக் கடத்தாது. சூட்டில் காப்பரைவிட அது அதிகம் விரியும், ஆறும்போது சுருங்கும். முறுக்கு வருடா வருடம் தளரும். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில், மேலே வட்டமான ஜங்ஷன் பாக்ஸ் மூடி ஏதாவது தெரிகிறதா பாருங்கள். பொசுங்கல் வாடை பின்வாசல் பக்கம் வந்தது என்கிறீர்களே, அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். சுவரை எல்லாம் உடைக்க வேண்டி வராது.

இப்போது அந்த எர்த் விஷயம். எர்த் ஒயர் ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் இரும்பு உடம்போடும் சேர்ந்திருக்கிறது. நியூட்ரலை அதில் கொடுத்தால் அடுப்பின் கரண்ட் முழுவதும் எர்த் குழி வழியாகத் திரும்ப வேண்டும். 2000 வாட் அடுப்பின் தடை சுமார் 26 ஓம். கோடையில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த எர்த் குழியும் 26 ஓம் இருந்தால் 230 வோல்ட் சரிபாதியாகப் பிரியும். அதாவது வீட்டில் எர்த் கொடுத்த எல்லா இரும்பிலும் 115 வோல்ட் நிற்கும். ஈரக் கையோடு ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும் பிள்ளைக்கு அது போதும். எர்த் ஒயர் வழியில் எங்காவது அறுந்திருந்தால் முழு 230ம் உடம்பில் ஏறும். ஓடுகிறது என்பதால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை தம்பி.

கடைசியாக, இதே பழுதின் பெரிய வடிவம் ஒன்று உண்டு. த்ரீ பேஸ் வீட்டில் மெயின் நியூட்ரலே விட்டால் ஒரு அறையில் விளக்கு பளீரென்று எரியும், இன்னொரு அறையில் மங்கும். அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்ய வேண்டும். தாமதித்தால் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் கருகிவிடும். உங்களுக்கு மற்ற அறைகள் சரியாக இருப்பதால் இது அது இல்லை.

தாமிரபரணி · புதன், காலை 9.10

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? கரண்ட் இல்லாத பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் சமையலறை லைட் எரிகிறது என்கிறீர்கள். அது இன்வெர்ட்டர் லைனாக இருக்கலாம். ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கும்போது மெயினை மட்டும் அணைத்தால் போதாது. மெயின் அணைந்ததும் இன்வெர்ட்டர் தானாக எழுந்து அந்த பாக்ஸுக்குள் 230 வோல்ட் அனுப்பும். என் மைத்துனர் திருநெல்வேலியில் இப்படித்தான் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்வெர்ட்டரின் சொந்த சுவிட்சையும் அணைத்து, அது சுவரில் செருகியிருக்கும் பிளக்கையும் உருவிவிடுங்கள்.

அரசலாறு · புதன், காலை 9.45

எல்லோருக்கும் நன்றி. இன்வெர்ட்டர் இருக்கிறது, சமையலறை லைட்டும் அதில்தான் இருக்கிறது. நான் யோசித்தே இருக்க மாட்டேன். பிளக்கை எல்லாம் உருவிவிட்டேன், எம்சிபியை இறக்கிவிட்டேன். ஐயா, நீங்கள் சொன்ன இடத்தில் வட்ட மூடி தெரியவில்லை. ஆனால் பழைய பின்வாசல் இருந்த ஆர்ச்சுக்கு மேலே சுண்ணாம்புக்கு அடியில் வட்டமாக ஒரு மேடு தெரிகிறது.

பழைய ஒயர்மேன் · புதன், காலை 9.52

அதுதான். தொடாதீர்கள். ஆள் வரட்டும்.

அரசலாறு · சனி, மாலை 5.15

சரியாகிவிட்டது. நேரம் எடுத்து எழுதியவர்களுக்கு முழு விவரத்தையும் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வியாழன் காலை ஒரு தம்பி வந்தார். போனிலேயே "டெஸ்ட் லாம்ப் இருக்கா?" என்று கேட்டுத்தான் வரச் சொன்னேன். ஐயா எழுதியபடியே இரண்டு சோதனையையும் என் எதிரில் செய்தார். வலது ஓட்டையில் பல்பு பளிச்சென்று எரிந்தது. இடது ஓட்டையில் மினுக்கல்கூட இல்லை.

மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு ஆர்ச்சுக்கு மேலே சுண்ணாம்பைக் கத்தியால் கீறினார். பல வருட வெள்ளை, பட்டை பட்டையாக விழுந்தது. மூடியைத் திறந்ததும் அதே பொசுங்கல் வாடை. உள்ளே சிவப்பு ஒயரின் முறுக்கு லேசாகப் பழுப்பேறி அப்படியே இருந்தது. கறுப்பு ஒயரில் டேப் தார் போல உருகி உறைந்திருந்தது. அவர் அதைப் பிரித்ததும் அலுமினிய முனை சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்தது. பாக்ஸின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் கருகி உள்வாங்கியிருந்தது. அதற்கு இரண்டடி தள்ளித்தான் அம்மா அறையின் மரப்பரண், அதில் பழைய துணி மூட்டைகள். நான் அந்த ஏணியின் கீழே நின்று அதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

முனையை வெட்டிக் கனெக்டர் போடலாம் என்று பார்த்தார். அலுமினியம் வளைத்த இடத்திலேயே ஒடிந்தது. பைப்பில் பழைய ஒயரோடு புதுசைக் கட்டி இழுத்தோம், வளைவில் சிமெண்ட் அடைத்துக்கொண்டு நகரவில்லை. கடைசியில் டிபியிலிருந்து சமையலறை வரை சுவர் மேலேயே கேசிங் அடித்து, 11 மீட்டர், புதுக் காப்பர் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுத்தார். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் புதிது. அலுமினியத்தை அந்தப் பகுதியில் முழுவதும் கழற்றிவிட்டோம். அடுப்புக்குத் தனியாக ஒரு 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், தனி எம்சிபி. டிபியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எல்லாம் சேர்த்து 7,650 ரூபாய். கேசிங் பார்க்க அழகாக இல்லை. இருந்தாலும் பரவாயில்லை.

இதற்குள் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. காவிரிப்பாலம் அண்ணா இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2008இல் நீட்டிய பகுதியின் எர்த் ஒயரை அந்த ஜங்ஷன் பாக்ஸில் யாரும் சேர்க்கவே இல்லை. நுனியில் டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார்கள். சமையலறைப் பிளக்கில் மேல் ஓட்டை இருந்தது, அதற்குள் ஒயரும் இருந்தது, ஆனால் அது குழிக்குப் போகவில்லை. நான் புதன்கிழமை அவசரத்தில் எர்த்தையும் நியூட்ரலையும் இணைத்திருந்தால், ஐயா சொன்ன 115 இல்லை, முழு 230 வோல்ட்டும் ஃபிரிட்ஜ் உடம்பில் ஏறியிருக்கும். அம்மா அதிகாலையில் வெறுங்காலோடு முதலில் தொடுவது அந்தக் கதவைத்தான்.

புது ஒயர் போட்டு முடித்து மெயினைப் போட்டோம். ஃபிரிட்ஜ், மிக்ஸி, அடுப்பு எல்லாம் நன்றாக ஓடின. கிரைண்டரைச் செருகி சுவிட்சைப் போட்ட அந்த நொடி ஆர்சிசிபி விழுந்தது. மறுபடி போட்டோம், மறுபடி விழுந்தது. வேலை கெட்டுவிட்டதோ என்று பதறினேன். அப்போது அம்மா சொன்னார்: "அது பல வருஷமா தொட்டா சுருக்குன்னு இருக்கும். நான் மணையைப் போட்டு மேல நின்னுதான் அரைப்பேன்." இத்தனை நாள் என்னிடம் சொல்லவே இல்லை. ஐயா, கிரைண்டரை என்ன செய்வது?

பழைய ஒயர்மேன் · சனி, இரவு 7.20

நல்ல வேலை செய்திருக்கிறார் அந்தத் தம்பி. என் சார்பாக அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆர்சிசிபி சரியாகத்தான் விழுந்தது. பழைய எர்த் எங்கும் போகாததால் கிரைண்டரில் கசிந்த கரண்ட் அதன் உடம்பிலேயே நின்றது, தொட்டவர் வழியாக இறங்கியது. இப்போது எர்த் வந்துவிட்டது, கசிவு அதன் வழியே ஓடுகிறது, ஆர்சிசிபி பிடித்துவிட்டது. மோட்டாரின் உள்ளே மாவுத் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது பின்பக்க கார்டு (பிளக்கிலிருந்து வரும் ஒயர்) உடம்பில் உரசியிருக்கும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கொடுத்து மெக்கர் (கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அதைச் செருகவே வேண்டாம். அது விழுகிறதே என்று ஆர்சிசிபியை பைபாஸ் செய்ய யாரையும் விடாதீர்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

முன்பக்க அறைகளில் இன்னும் பழைய அலுமினியம்தான் ஓடுகிறது. ஏசி, கீசர் ஏதாவது அந்த லைனில் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

காவிரிப்பாலம் · ஞாயிறு, காலை 8.05

ஐயா, புதன்கிழமை மாலையே அந்த எர்த் ஒயரை எடுத்துவிட்டோம். மூன்று நாளாக எக்ஸ்டென்ஷனில் ஓட்டுகிறோம். நாளைக்கு ஆள் வருகிறார். டெஸ்ட் லாம்ப் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் அந்த ஃபிரிட்ஜைத்தான் நாள் முழுக்கத் திறந்து மூடுவார்கள். சொன்னதற்கு மிகவும் நன்றி.

அரசலாறு · ஞாயிறு, காலை 11.30

கிரைண்டரைக் கடையில் கொடுத்துவிட்டேன். கார்டு உள்ளே நைந்து உடம்பில் பட்டுக்கொண்டிருந்ததாம், மோட்டார் நன்றாக இருக்கிறது, புதன்கிழமை தருகிறார்கள். முன்பக்கம் கீசர் லைன் அலுமினியம்தான், தை பிறந்ததும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், அதுவரை கீசரைப் போடுவதில்லை. அம்மாவின் நெபுலைசர் அவர் கட்டில் பக்கத்துப் பாயிண்ட்டிலேயே ஓடுகிறது. ஹாலிலிருந்து இழுத்த ஒயரைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.